சேஷாசலத்து உயிர்கள் – 7: கால்கள் போன வழி

சென்ற பகுதியில் கர்னல் ரிச்சர்ட் ஹென்றி பெடோம் திருப்பதி மலையின் பாறை இடுக்குகளிலிருந்து பொன்னிறப் பல்லி ஒன்றை எடுத்து, 1870இல் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியதுவரை வந்திருந்தோம். அப்போது அந்த மலை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. மாவட்டத் தலைமையிடம் சித்தூர். சித்தூர் தனி மாவட்டமானது 1911 ஏப்ரலில்தான். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, அதே ஆண்டு பிப்ரவரியில், பெடோம் லண்டனில் காலமாகிவிட்டார்.

பொன்பல்லியை விவரித்த அதே 1870இல் பெடோம் ஓர் அரணையையும் விவரித்தார். விசாகப்பட்டினத்தை அடுத்த குன்றுகளில் கிடைத்தது. இன்றும் செப்ஸோஃபிஸ் என்ற பெயரில் அறியப்படுகிறது. உடல் பாம்பைப்போல நீண்டிருக்கும். கால்கள் நான்கும் உண்டு. ஆனால் அந்த உடலைத் தூக்கி நடக்க அவை போதாது. பொன்பல்லி செங்குத்தான பாறையில் தலைகீழாக ஓடுகிறது, முழுக்கத் தன் விரல்களை நம்பி. செப்ஸோஃபிஸோ கால்களையே விட்டுவிடும் நிலையில் இருக்கிறது. இரண்டும் ஒரே மனிதரின் கையில், ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தது தற்செயல். ஆனாலும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது அந்த நூற்றாண்டின் விலங்கியலாளர்களை விடாமல் துரத்திய கேள்வி எழுந்து நிற்கிறது: உழைக்கிற உறுப்பு வலுப்பதும் உழைக்காத உறுப்பு தேய்வதும் பிள்ளைகளுக்கும் போய்ச் சேருமா? அப்படித்தான் விலங்குகள் உருமாறினவா?

கேள்வியை முறையாக எழுப்பியவர் பாரிஸ்காரர். ஆனால் அவருக்கு முன்பே தெலுங்கு நாட்டுச் சிறு பாம்பு ஒன்று பாரிஸின் புத்தகங்களுக்குள் போய்விட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலராக விசாகப்பட்டினத்தில் இருந்த மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல், 1796இல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி வண்ணப் படங்களோடு ஒரு பெரிய நூல் கொண்டுவந்தார். அதிலிருந்த ஒரு படத்தையும் குறிப்பையும் வைத்து பிரெஞ்சு விலங்கியலாளர் தோதென் 1803இல் பெயர் சூட்டிய உயிர்தான் நம் புழுப்பாம்பு. திருப்பதியிலும் சித்தூரிலும் சென்னையிலும் பூந்தொட்டி மண்ணைக் கிளறினால் மண்புழுவைப்போல நெளிந்து ஓடுமே, அதுதான். கண்கள் செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகளாக மங்கிப்போயிருக்கும். வெளிச்சம் இருட்டு தெரிவதற்கு மேல் அவற்றால் ஆவது குறைவு. கால்கள் அறவே கிடையா. இந்த இனத்தில் ஆண்களும் கிடையா. பெண்கள் மட்டுமே, ஆணில்லாமலே முட்டையிட்டுப் பெருகுகின்றன. எத்தனை இழப்புகளைச் சுமந்துகொண்டு எவ்வளவு வெற்றியாக உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

தோதென் பெயர் சூட்டிய ஆறாவது ஆண்டு, 1809இல், ழான் பாப்டிஸ்ட் லாமார்க்கின் விலங்கியல் தத்துவ நூல் வெளிவந்தது. பாம்புக்குக் கால் போனதற்கு அதில் அவர் காரணம் சொன்னார். பாம்புகளின் முன்னோர் புல்லுக்கடியிலும் குறுகிய சந்துகளிலும் நுழைந்து ஒளியும் பழக்கத்துக்கு வந்தன. அதனால் உடலை நீட்டி நீட்டி நகர்ந்தன. நீளமான கால் இருந்தால் நுழைய இடைஞ்சல், குட்டையான நான்கு காலால் அவ்வளவு நீள உடலை நகர்த்த முடியாது. ஆகவே கால்கள் வேலையிழந்து, தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து மறைந்தன. அகழெலியின் கண்ணுக்கும் இதே விளக்கம்தான். ஒரு வாழ்நாளில் பெற்றதும் இழந்ததும் சந்ததிக்குப் போகும் என்பது அவருடைய இரண்டாவது விதி.

லாமார்க்கை இப்போது பள்ளிப் புத்தகங்கள் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தோடு முடித்துவிடுகின்றன. அது அநியாயம். விலங்கினங்கள் மாறுகின்றன என்று 1809லேயே நெஞ்சுரத்தோடு அச்சில் சொன்ன மனிதர் அவர். அவர் சொன்ன வழிமுறையும் அந்தக் காலத்துக்கு இயல்பானதே. பனையேறியின் மகனுக்கும் அப்பனைப்போலவே மார்பும் தோளும் இறுகியிருப்பதைப் பார்க்கிற எவருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்தப் பையனும் சிறுவயதிலிருந்தே மரமேறுகிறான் என்பதைப் பிரித்துப் பார்க்கப் பொறுமை வேண்டும், சோதனை வேண்டும். இரண்டும் வந்துசேர இன்னும் எண்பது ஆண்டுகள் பிடித்தன.

நடுவில் டார்வின் வருகிறார். அவரோடு சென்னையும் வருகிறது. 1856இல் டார்வின் சென்னையிலிருந்த வால்டர் எலியட்டுக்குக் கடிதம் எழுதி, இந்தியாவின் வளர்ப்புப் புறாக்களும் கோழிகளும் வேண்டும் என்று கேட்டார். எலியட் கம்பெனி அரசின் உயர் அதிகாரி. அமராவதிச் சிற்பங்களுக்காகவும் தென்னிந்திய நாணய ஆராய்ச்சிக்காகவும் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவர். அவர் பதப்படுத்திய புறாத் தோல்களை அனுப்பிவைத்தார். 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே டார்வின் அவர் பெயரைச் சொல்லி நன்றி கூறுகிறார். மண்ணுக்குள் வாழ்கிற, வால் நுனி கேடயம்போல முடிகிற ஒரு பாம்பினம் எலியட்டின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அந்தக் கேடயவால் பாம்புகளைப் பற்றித்தான் பெடோம் 1886இல் தனிக் கட்டுரையே எழுதினார். நம் தொடரின் மனிதர்கள் இப்படி ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டே போகிறார்கள்.

டார்வின் என்றால் இயற்கைத் தேர்வு, லாமார்க் என்றால் உறுப்பின் உழைப்பு என்று இருவரையும் எதிரெதிரே நிறுத்துவது வழக்கம். டார்வினைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவர் அந்தப் பழைய கருத்தைக் கடைசிவரை கைவிடவில்லை. வளர்ப்பு வாத்தின் எலும்புகளை எடைபோட்டுப் பார்த்தார். காட்டு வாத்தோடு ஒப்பிட்டால், மொத்த எலும்புக்கூட்டின் எடையில் வளர்ப்பு வாத்தின் சிறகெலும்புக்குப் பங்கு குறைவு, காலெலும்புக்குப் பங்கு அதிகம். பறப்பது குறைந்து நடப்பது கூடியதன் விளைவு என்று எழுதினார். வளர்ப்புப் புறாக்களின் மார்பெலும்பு சிறுத்திருப்பதையும் அப்படியே கணக்கிட்டார். குகைவாழ் விலங்குகளுக்குக் கண் போனதற்குப் பயன்படுத்தாமையே முழுக் காரணம் என்றார். அது எப்படிச் சந்ததிக்குப் போகும் என்ற கேள்விக்கு, 1868இல் ஒரு கருதுகோளையும் முன்வைத்தார். உடலின் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியாத துகள்களை வெளியிடுகிறது, அவை இனப்பெருக்க உறுப்புகளில் சேர்ந்து பிள்ளைக்குப் போகின்றன என்றார். அவருடைய உறவினர் பிரான்சிஸ் கால்டன் முயல்களுக்குள் இரத்தம் மாற்றிச் சோதித்தார். துகள்கள் இரத்தத்தில் போவதற்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் ஜெர்மனியின் பிரைபுர்க் நகரத்துப் பேராசிரியர் ஆகஸ்ட் வைஸ்மான். கண்நோயால் நுண்ணோக்கியில் தொடர்ந்து வேலை செய்ய முடியாமல் போனவர். அதனால் யோசிக்கிற வேலையில் முழுதாக இறங்கினார். உடலின் செல்கள் வேறு, சந்ததியை உருவாக்கும் வித்துச் செல்கள் வேறு. வித்திலிருந்து உடல் உருவாகிறது, உடலில் நடப்பது வித்துக்குத் திரும்பிப் போவதில்லை. இதுதான் அவர் 1883இலிருந்து அழுத்திச் சொன்னது. கேட்டவர்கள் சும்மா விடவில்லை. வால் அறுபட்ட பூனைக்கு வாலில்லாத குட்டி பிறந்தது என்ற கதைகள் அப்போது ஏராளம். ஆகவே வைஸ்மான் எலிகளின் வாலை வெட்டினார். ஐந்து தலைமுறை, தாய் தந்தை இருவருக்குமே வெட்டி, பிறந்த 901 குட்டிகளையும் பார்த்தார். ஒன்றுகூட வாலில்லாமலோ குறைவாலோடோ பிறக்கவில்லை.

இதைவிடப் பெரிய அளவில் அதே உண்மை திருமலையில் நெடுங்காலமாகக் கண்ணெதிரே இருந்துவந்தது. கல்யாணகட்டாவில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான தலைகள் மழிக்கப்படுகின்றன. தாத்தாவும் மொட்டை, அப்பாவும் மொட்டை, பேரனுக்கும் முடிகாணிக்கை. வட ஆற்காட்டுக் குடும்பங்களில் இது தலைமுறைகளாக வருகிற வழக்கம். ஆனாலும் இந்தக் குடும்பங்களில் பிறக்கிற குழந்தைகளின் முடி ஒரு சுற்றும் குறையவில்லை. முடி மீண்டும் வளர்வதுதானே என்று கேட்டால், காதைப் பார்க்கலாம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவது நம்மிடம் எத்தனை நூற்றாண்டுப் பழக்கம்! துளையோடு ஒரு குழந்தையும் பிறந்ததில்லை.

வைஸ்மானை மறுத்தவர்கள் இங்கேதான் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்கள். வெட்டுவதும் குத்துவதும் காயம். லாமார்க் பேசியது காயத்தைப் பற்றி அல்ல, உழைப்பையும் ஓய்வையும் பற்றி. எலியின் வாலை அறுத்து அதை எப்படி மறுக்க முடியும்? கேள்வி சரிதான். இதற்கு வைஸ்மான் தந்த விடையை அவருடைய எலிச் சோதனையைவிட உயர்ந்ததாக நான் மதிக்கிறேன், ஆனால் பிரபலமாக நிலைத்துவிட்டது எலிதான். ஓர் உறுப்பு தேவையாக இருக்கிறவரை, அதில் குறையோடு பிறந்தவை பிழைப்பதில்லை. இயற்கைத் தேர்வு அவற்றை ஒவ்வொரு தலைமுறையிலும் கழித்துக்கொண்டே இருக்கிறது. உறுப்பு நல்ல நிலையில் இருப்பது அந்தக் கழிப்பால்தான். உறுப்புக்கு வேலை போய்விட்டால் கழிப்பதும் நின்றுபோகிறது. குறையோடு பிறந்தவையும் குறையில்லாதவையும் ஒன்றாகப் பெருகுகின்றன. உறுப்பு மெல்ல மெல்லச் சிதைகிறது.

சித்தூர்ப் பக்கத்து ஏரிகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஏரிப்பாசனம் நடந்தவரை ஒவ்வொரு கோடையிலும் கரையைப் பார்த்து, மண்போட்டு, மதகைச் சரிசெய்தார்கள். ஆழ்துளைக் கிணறு வந்ததும் அந்த வேலை நின்றது. கரையை உடைக்க வேண்டுமென்று எவரும் முடிவெடுக்கவில்லை. ஒவ்வொரு மழையும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தது, அடைக்க ஆளில்லை, அவ்வளவுதான். மழை முன்பும் அரித்துக்கொண்டுதான் இருந்தது.

அந்த அரிப்புக்கு 20ஆம் நூற்றாண்டு வைத்த பெயர் மரபணுப் பிறழ்வு. அதன் தடயம் நம் ஒவ்வொருவர் உடலிலும் இருக்கிறது. ஆடும் மாடும் நாயும் வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. அதற்கான கடைசி நொதியின் மரபணு நம்மிடமும் உண்டு. ஆனால் உடைந்து கிடக்கிறது. குரங்கு வழி முன்னோர் பழமும் தளிரும் தின்று வாழ்ந்தார்கள், வைட்டமின் உணவிலேயே கிடைத்தது, மரபணு பழுதானபோது எவரும் சாகவில்லை. நாம் நெல்லிக்காயைத் தேடுவது அதனால்தான்.

ஆக, பயன்படுத்தாமை உறுப்பைத் தேய்க்கிறது என்று லாமார்க் பார்த்தது மெய். தேய்கிற வழிதான் அவர் நினைத்தது அல்ல. ஓர் உயிரின் சோம்பல் அதன் பிள்ளைக்குப் போவதில்லை. பிறவியிலேயே நேர்கிற சிறு பழுதுகள், தடுப்பார் இல்லாமல், தங்கிவிடுகின்றன. இதற்குக் காலம் வேண்டும். நாம் கற்பனை செய்யக்கூடியதைவிட நீண்ட காலம் வேண்டும். திருமலை மலைப்பாதையில் பழைய கருங்கல் படுகையின்மேல் நகரிக் குவார்ட்சைட் பாறை உட்கார்ந்திருக்கும் கோட்டைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள பாறைகளுக்கு இடையே மட்டும் சுமார் 80 கோடி ஆண்டு இடைவெளி. கால்கள் தேய்ந்ததெல்லாம் அதற்கு வெகுகாலம் பின்னால், அதைவிடச் சிறிய கால அளவில் நடந்தவை.

பாம்பின் காலுக்கு இப்போது வருவோம். அர்ஜென்டினாவின் பாடகோனியாவில் கிடைத்து 2006இல் விவரிக்கப்பட்ட நஜாஷ் என்ற புதைபடிவப் பாம்புக்குப் பின்னங்கால்கள் இருந்தன. வயது 9 கோடி ஆண்டுகளுக்கு மேல். சேஷாசலக் காட்டில் இன்றும் திரிகிற மலைப்பாம்புக்கு இடுப்பெலும்பின் எச்சம் உடலுக்குள் இருக்கிறது. கழிவாய்க்கு இருபுறமும் நகம்போன்ற இரண்டு முட்கள் வெளியே தெரிகின்றன. ஆண் பாம்பு இணைசேரும்போது பெண்ணை வருடுவது அவற்றால்தான். நடக்க உதவாவிட்டாலும் வேறொரு வேலை கிடைத்ததால் அந்தத் துணுக்கு தப்பியது.

கருவிலிருக்கும் மலைப்பாம்புக்குக் கால்மொட்டு அரும்பத் தொடங்கி, சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது என்பதற்கு 2016இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் விடை கண்டன. கால் வளர்வதற்கு ஒரு மரபணு விழித்திருக்க வேண்டும். அதை எழுப்புகிற விசை, மரபணுவிலிருந்து வெகுதொலைவில், டி.என்.ஏ. இழையில் தனியாக இருக்கிறது. விசை மட்டும்தான் பாம்புகளில் பழுதாகியிருக்கிறது. மரபணு நன்றாகவே இருக்கிறது. அந்த மரபணு உடலின் வேறு பல பாகங்களை உருவாக்கவும் தேவை, அது கெட்டால் கருவே பிழைக்காது. சுண்டெலியின் விசையை எடுத்துவிட்டு நாகப்பாம்பின் விசையையோ மலைப்பாம்பின் விசையையோ பொருத்தினார்கள். எலிக்குக் கால்கள் குறுகிக் கட்டையாகிப் போயின. மலைப்பாம்பின் விசையில் தொலைந்திருந்த 17 எழுத்துகளைத் திரும்பச் சேர்த்துப் பொருத்தியபோது எலிக்கு இயல்பான கால்கள் வளர்ந்தன. லாமார்க்கும் டார்வினும் வைஸ்மானும் ஒரு மேசையில் அமர்ந்து இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எல்லா இழப்பும் கவனிப்பாரற்றுப் போன இழப்பல்ல. சில உறுப்புகள் இருப்பதே செலவு. கேரளத்தில் கோட்டயத்துக் கிணறுகளில் கிடைத்த குருட்டுக் கெளுத்தி ஹொராக்ளானிஸ் கிருஷ்ணாயை ஏ.ஜி.கே. மேனன் 1950இல் விவரித்தார். செம்மண்ணுக்கு அடியிலுள்ள நீரோட்டத்தில் வாழ்வது. கண் இல்லை, நிறம் இல்லை, இரத்தச் சிவப்பு தோலுக்கு மேலே தெரியும். மெக்சிகோவின் குருட்டுக் குகைமீனின் கண்ணுள்ள சொந்தங்களை வைத்து 2015இல் அளந்து பார்த்தார்கள். ஒரு கிராம் எடையுள்ள இளமீனில் கண்ணும் பார்வைக்கான மூளைப் பகுதியும் ஓய்வுநிலைச் சக்தியில் ஏறக்குறைய 15 விழுக்காட்டைத் தின்றுவிடுகின்றன. உணவு அரிதான இருட்டில் அது தாங்க முடியாத செலவு. அங்கே கண்ணில்லாதது முந்திக்கொள்கிறது. இயற்கைத் தேர்வு காவலைக் கைவிடுவது ஒரு வழி. தானே கையில் கத்தி எடுப்பது இன்னொரு வழி. எந்த விலங்கில் எது எவ்வளவு என்பதைத் தனித்தனியாகத்தான் ஆராய வேண்டும். ஒரே வாக்கியத்தில் அடக்க முயல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

அரணைகளில் இது படிப்படியாகத் தெரிகிறது. இலங்கைக்கு மட்டுமே உரிய நெஸ்ஸியா என்ற பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த இலைகளுக்கடியிலும் பொலபொலப்பான மண்ணிலும் வாழ்பவை. ஒன்றுக்குக் காலில் மூன்று விரல், இன்னொன்றுக்கு இரண்டு, மற்றொன்றுக்கு ஒன்றே ஒன்று, லயார்டின் பெயர் கொண்ட இனத்துக்குக் காலே இல்லை. நம் கிழக்குக் கரையில் செப்ஸோஃபிஸுக்குக் குறுங்கால்கள். 1917இல் நெல்சன் அன்னண்டேல் ஒடிசாவின் சிலிகா ஏரித் தீவிலிருந்து விவரித்த பார்குடியாவுக்குக் கால்கள் முற்றிலும் இல்லை. மண்ணுக்குள் நீந்துகிற உடலுக்குக் கால் இடைஞ்சல் என்ற லாமார்க்கின் பார்வை இங்கே பழுதில்லாமல் நிற்கிறது. இவற்றின் சொந்தக்காரர்களான பாம்பரணைகளைத்தான் நம் ஊர்களில் கண்ட இடத்தில் அடித்துக் கொல்கிறார்கள், கடித்தால் மரணம் என்று சொல்லிச் சொல்லி. அரணைக்கு விஷமே கிடையாது. இத்தனை கோடி ஆண்டு வரலாற்றைச் சுமந்து வருகிற உயிரைத் துடைப்பக்கட்டையால் அடிப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

இனி, தொடங்கிய இடமான பொன்பல்லிக்கே. பெடோமுக்குப் பிறகு ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த அதை ஜே.சி. டேனியல், பரத் பூஷண், ஏ.ஜி. சேகர் மூவரும் கிழக்குத் தொடர்ச்சி மலையில் மீண்டும் கண்டதாக 1986இல் எழுதினார்கள். அதன் நெருங்கிய சொந்தம் இலங்கையின் தென்கிழக்குப் பாறைகளில் இருக்கிறது. விரல் நுனியின் அகன்ற தட்டுகளில் நுண்மயிர்கள் செறிந்திருக்க, பசையே இல்லாமல் பாறையைப் பற்றுகிறது. இதே தட்டு பழைய சித்தூர் மாவட்டத்தின் இன்னொரு பல்லிக்குக் கிடையாது. மதனப்பள்ளிக்கு அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பள்ளி இருக்கிற ரிஷிவேலியிலிருந்து 2016இல் ஈஷான் அகர்வால் விவரித்த தரைப்பல்லி அது. ஊரின் பெயரையே வைத்தார். இரவில் தரையில், கற்களுக்கும் சருகுகளுக்கும் இடையே திரிகிறது. விரல்கள் மெலிந்து வளைந்திருக்கும்.

இந்த இரண்டையும் பார்க்கிறவருக்கு உடனே தோன்றுவது, தரைக்கு இறங்கியதால் தட்டு தேய்ந்துவிட்டது என்றுதான். 2012இல் டோனி கேம்பிளும் உடனிருந்தவர்களும் உலகப் பல்லிகளின் வம்சாவளியை மரபணு வழியே வரைந்து பார்த்தபோது, ஒட்டுத்தட்டு 11 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது, 9 முறை தொலைந்திருக்கிறது என்று கணக்கு வந்தது. ஆப்பிரிக்கப் பாலைமணலுக்கு இறங்கிய சில பல்லிகள் தொலைத்தவை. ரிஷிவேலிப் பல்லியின் கிளையோ அந்தக் கணக்கில் தட்டே தோன்றாத கிளைகளில் ஒன்று. அதற்கு எதுவும் தேயவில்லை. அதன் முன்னோரிடமே அந்த உறுப்பு இல்லை. இல்லாத உறுப்பைக் கண்டதும் இழந்த உறுப்பு என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு மதனப்பள்ளி மண்ணில் ஓடுகிற இந்தச் சின்னப் பல்லியைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. லாமார்க்குக்கோ டார்வினுக்கோ வம்சாவளியை இப்படி வரைய வழியில்லை. பெடோம் 1870இல் பல்லிகளை விரல் விரலாகப் பார்த்து வகைப்படுத்தியபோது அவருக்கும் இல்லை.

(தொடரும்)